லெந்துப் பெட்டி

சபையின் ஜெப அறையில் சங்கிலி ஜெபம் தொடங்கி இருபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். இப்போது செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு. மொத்தம் நாற்பத்தெட்டு மணி நேரம், ஆளுக்கு ஒரு மணி. ஒருவர் எழுந்திருக்கும்போது அடுத்தவர் முழங்காலில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நிமிடம் ஆள் இல்லாமல் போனாலும் சங்கிலி அறுந்துவிட்டதாக அர்த்தம். முப்பதாவது மணி கீதாஞ்சலிக்கு விழுந்திருந்தது.

"வந்துட்டியா கீதா?" ஆதிலட்சுமி பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வேங்கிக்காலில் தையல் கடை வைத்திருப்பவள். சபையில் யாருக்கு என்ன ஆனாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள். "எனக்கு முட்டி மரத்தே போச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம் லேட்டாயிருந்தா சேர்ல உக்காந்துக்கினு ஜெபம் பண்ணியிருப்பேன். ஆண்டவரு பாத்து சிரிச்சிருப்பாரு."

"சாரி ஆன்ட்டி. பஸ் இல்ல."

"இன்னிக்கு பௌர்ணமி. ஊரே மலைய சுத்தி நடக்குது, பஸ்சு எங்கேர்ந்து வரும்?" செருப்பைத் தேடிக்கொண்டே ஆதிலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். "டாக்டருங்களுக்கே ஒண்ணும் புரியலயாம். மூணு வருஷமா எட்டிப் பாக்காத வலிப்பு இப்ப எப்டி இவ்ளோ ஜாஸ்தியா வரும்னு கேக்கறாங்களாம். சரசு பாவம். ஒரு வேளகூடத் தப்பாம மாத்திரை குடுத்தவ. நீ அந்த மூணாவது குறிப்பு இருக்குது பாரு, அத அழுத்தி ஜெபி."

அவள் போனபின் கீதாஞ்சலி முழங்காலிட்டாள். முன்னால் குட்டை மேசை, அதன்மேல் நீளமான நோட்டு. ஒவ்வொருவரும் தங்கள் மணி முடிந்ததும் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பக்கத்தில் போதகர் ராஜமாணிக்கம் தன் சாய்ந்த எழுத்தில் மூன்று ஜெபக் குறிப்புகள் எழுதியிருந்தார். ஒன்று, சரசுவின் மகள் தென்றல் கண் விழிக்க வேண்டும். இரண்டு, மருத்துவர்களுக்கு ஞானம் வேண்டும். மூன்று, இது ஏன் வந்தது என்கிற காரணம் வெளிப்பட வேண்டும்.

இருபத்தொன்பது பேர் அந்த மூன்றாவது குறிப்புக்காகக் கண்ணீர் விட்டிருந்தார்கள். முப்பதாவதாக முழங்காலில் இருந்தவளுக்குக் காரணம் தெரியும்.

கீதாஞ்சலிக்கு இருபத்து நான்கு வயது. வேதியியலில் பட்டம். ஒரு தனியார் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை. குப்பிகளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டுவதும் பிள்ளைகள் உடைத்தவற்றைக் கூட்டி அள்ளுவதுமே பெரும்பாலும் வேலை. நாலு பேர் முன்னால் நின்றால் உள்ளங்கை வேர்த்துவிடும். அப்படிப்பட்டவளை வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலாளராகப் போட்டதற்கு வேறு காரணம் இல்லை. அந்த வருஷம் வேறு யாரும் கை தூக்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்பதால் போதகர் இன்னொரு வேலையும் கொடுத்தார். வாலிபர் நடுவே ஊழியம் செய்பவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு கையேடு வேண்டும். எங்கெங்கிருந்தோ அவர் சேர்த்து வைத்திருந்த தாள்களைப் படித்து, தமிழில் எளிமையாக எழுதி, முப்பத்திரண்டு பக்கத்துக்கு அடித்துக் கொடுக்க வேண்டும். பேசுவதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்தது. பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து முடித்துவிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் கொடுப்பதாக இருந்தது.

அதில் 'கூட்டத்தில் செய்யத்தக்கவை' என்று ஒரு பகுதி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களுக்கு ஒரு யோசனை போட்டிருந்தாள். நாற்பது நாளைக்கு எதை விடப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுதி ஒரு பெட்டியில் போடுவது. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் ஆராதனை முடிந்ததும் அதைத் தன் ஐக்கியத்துப் பிள்ளைகளிடமே செய்து பார்த்தாள். பழைய காணிக்கைப் பெட்டி ஒன்று ஜெப அறை மூலையில் கிடந்தது. அதைத் துடைத்து ஊதாத் துணி சுற்றினாள். பூட்டின் சாவி அவளிடம்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் மட்டும்தான் தொறப்பேன்" என்றாள் பதினெட்டுப் பேர் முன்னால், தரையைப் பார்த்துக்கொண்டு. "உள்ள போறது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். வேற யாருக்கும் சொல்ல மாட்டேன்."

கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் அவளே அடித்த வரி வேறு மாதிரி இருந்தது. பிள்ளையின் உடல்நலம், மருந்து, உயிர் சம்பந்தப்பட்ட எதிலும் இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள்; அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். அதை அடித்தபோது 'அன்றே' என்பதைத் தடித்த எழுத்தாக மாற்றியதுகூட அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தப் புதன்கிழமை அன்று அந்த வரி நினைவுக்கு வரவில்லை. மருந்துச் சமாச்சாரம் ஒரு லெந்துப் பெட்டிக்குள் வரும் என்று யார் நினைப்பார்கள்?

முதல் வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் போனபின் பெட்டியைத் திறந்தாள். பானிபூரி, ரீல்ஸ், மட்டன், அக்காவோடு சண்டை. ஒருவன் ஒற்றை இயர்போனைப் போட்டு, 'இன்னொரு காது பரீட்சைக்கு அப்புறம்' என்று எழுதியிருந்தான். அவள் தனியாகச் சிரித்தாள். அப்புறம் நான்காக மடித்த ஒரு காகிதம் கனமாக இருந்தது. உள்ளே நான்கு இளஞ்சிவப்பு மாத்திரைகள், நடுவில் கோடு போட்டவை.

'என் வலிப்பு மாத்திரை. இத்தனை வருஷமா இதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன். நாற்பது நாள் விடறேன். ஈஸ்டர் அன்னிக்கு, ஆண்டவரே காப்பாத்தினார்னு சபையில சாட்சி சொல்லுவேன். அக்கா, அம்மாவுக்குத் தெரிய வேணாம். தென்றல்.'

தென்றலுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ. பொதுத்தேர்வு நெருங்கும் வரை சனிக்கிழமைகளில் கீதாஞ்சலியிடம் வேதியியல் படிக்க வந்தவள். ஒன்பது வயதிலிருந்து வலிப்பு உண்டு. ஏழாம் வகுப்பில் பிரேயர் நேரத்தில் விழுந்து, பள்ளிக்கூடமே சுற்றி நின்று பார்த்தது. கடைசி மூன்று வருஷமாக மாத்திரை அதைக் கட்டிப் போட்டிருந்தது.

இதெல்லாம் கீதாஞ்சலிக்குத் தெரியும். மருந்து இரத்தத்தில் எத்தனை மணி நேரத்தில் பாதியாகும், எத்தனை நாளில் இல்லாமல் போகும் என்று பலகையில் கோடு போட்டுக் காட்டக்கூட அவளால் முடியும். இருந்தும் அன்றைக்குத் தென்றல் வீட்டுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளிடமே பேசிவிடலாம் என்று முடிவு செய்தாள். என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தென்றலே ஓடி வந்தாள். முகம் அப்படி மலர்ந்து கீதாஞ்சலி பார்த்ததில்லை.

"அக்கா, படிச்சீங்களா?"

"ம்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

கண்ணாடி முன்னால் சொன்ன வாக்கியம் தொண்டைக்கு வந்தது. பின்னால் சரசு மகளுடைய தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ம்" என்றாள் கீதாஞ்சலி.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பெட்டியில் பதினான்கு மாத்திரைகள் இருந்தன. அதற்கு முன்னால், கூட்டத்தில், அவள் நான்கு வாக்கியம் பேசினாள். அந்த நான்கு வாக்கியங்களை மட்டும் திங்கட்கிழமையிலிருந்து அவளால் மனதுக்குள்கூடத் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு, பொதுத்தேர்வின் முதல் தாளுக்காகக் குளிக்கப் போன தென்றல் குளியலறையில் விழுந்தாள். கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இன்னும் மூன்று முறை வலிப்பு வந்துவிட்டது. தலையில் அடி. இன்னும் கண் விழிக்கவில்லை.

ஜெப அறையில் மின்விசிறி கடகடத்தது. கீதாஞ்சலி கண்ணை மூடிப் பார்த்தாள். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கண்ணைத் திறந்தால் எதிர் மூலையில் ஊதாத் துணி.

வெள்ளிக்கிழமைதான் திறக்க வேண்டும். ஆனால் ஞாயிறு காலை ஆராதனைக்குத் தென்றல் வந்திருந்தாள். வந்தவள் வெறுங்கையோடு வந்திருப்பாளா?

முழங்காலிலேயே நகர்ந்து போனாள். எழுந்து நடந்தால் சங்கிலி அறுந்துவிடும் என்று ஏனோ தோன்றியது. சாவி பூட்டில் இரண்டு முறை வழுக்கியது. சீட்டுகள் அதிகம் இல்லை. மடித்த காகிதம் மேலாகவே கிடந்தது. நான்கு மாத்திரைகள்.

'அக்கா, நேத்து ரெண்டு தடவ தலை சுத்துச்சு. கை தானா ஆடுச்சு. இது சோதனையா, இல்ல நான் மாத்திரை போடணுமா? நீங்க சொல்றத செய்யறேன். அம்மா பக்கத்துலயே இருக்காங்க, அதான் கேக்க முடியல. இன்னிக்கே படிச்சிட்டு பதில் சொல்லுங்க.'

ஞாயிற்றுக்கிழமை போட்ட கேள்வி செவ்வாய்க்கிழமை வரை பூட்டுக்குள் கிடந்திருக்கிறது. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தென்றல் வாசல்படியில் நின்று அவளைப் பார்த்தது ஞாபகம் வந்தது. கீதாஞ்சலி கை அசைத்துவிட்டு, பேச வேண்டியிருக்குமே என்று பயந்து, பின்கதவு வழியாகப் போய்விட்டாள்.

காகிதத்தைப் பழையபடி மடித்தாள். கைப்பையில் சிறிய எவர்சில்வர் டப்பி இருந்தது. அதில் முன்னமே பதினெட்டு. இந்த நான்கையும் போட்டு மூடினாள்.

மணி இரண்டு ஐம்பதுக்கு போன் அடித்தது. சரசு.

"கீதாம்மா, ஜெபத்துல இருக்கியா? தொந்தரவு பண்ணிட்டனா?"

"இல்ல ஆன்ட்டி. சொல்லுங்க."

"அஞ்சு மணிக்கு மருந்த மாத்தப் போறாங்களாம். பழைய மாத்திரை இனிமே இவளுக்கு வேலை செய்யாதாம். புது மருந்து கொஞ்சம் கடுசாம், ஈரலுக்கு ஆவாதாம், மாசா மாசம் ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம். வேற வழியில்லன்னு கையெழுத்து கேக்கறாங்க. இவ அப்பாரு போடறேன்றாரு. எனக்கு இன்னாவோ மனசு ஒப்பல. நீ சயின்ஸ் படிச்ச பொண்ணு, ஒன்ன கேக்கலாம்னு..."

"ஆன்ட்டி, மாத்திரை..."

"இன்னாம்மா?"

"மாத்திரை பத்தி டாக்டர் கேட்டாங்களா?"

"கேக்காம? பத்து தடவ கேட்டுட்டாங்க. தப்பவே இல்லன்னு வேதத்து மேல கை வெச்சு சொன்னேன். என் கையாலதான குடுக்கறேன்."

அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, சரசு "வெச்சுடறேன், நீ அழுத்தி ஜெபம் பண்ணு" என்று வைத்துவிட்டாள்.

பழைய மருந்தைச் சாப்பிட்டும் வலிப்பு வந்தது என்று நம்புகிறார்கள். அதனால் நல்ல மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கெட்டதைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள். தென்றல் கண் விழித்தால் வாழ்நாள் முழுக்க அதைத்தான் சாப்பிடுவாள். திருப்பி போன் செய்தால் ஒரே நிமிடம். விரல் சரசுவின் பெயர்மேல் நின்றது. போனில் சொன்னால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்ததுமே தன்மேல் வெறுப்பு வந்தது. போனைப் பையில் போட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு இளஞ்செழியன் வரவேண்டும். ஐக்கியத்தில் கிட்டார் வாசிப்பவன், அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவன். மூன்று பத்து. மூன்று இருபது. சங்கிலியை விட்டுவிட்டுப் போனால் போதகர் கேட்பார், ஆதிலட்சுமி கேட்பாள், தென்றலுக்கு ஏதாவது ஆனால் எல்லோரும் இந்த இருபது நிமிடத்தைத்தான் சொல்வார்கள். அவள் முழங்காலிலேயே இருந்தாள். அப்படி இருப்பது அவளுக்கு ஒருவிதத்தில் சௌகரியமாகவும் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு அவன் வேர்த்து வழிந்துகொண்டு நுழைந்தான்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. வண்டிய ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்ல நடந்து வந்தேன். ஒரு ஆயா, 'எதிர்ல சுத்துனா புண்ணியம் கழிஞ்சிடும்டா'ன்னு திட்டுது. நான் பைபிள கக்கத்துல வெச்சிக்கினு இன்னா பதில் சொல்ல?"

அவள் சிரிக்கவில்லை. அவன் முகம் மாறியது.

"தென்றலுக்கு எதனா...?"

"இல்ல. நீ உக்காரு."

நோட்டில் கையெழுத்துப் போடாமலே வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ எதுவும் ஓடவில்லை. முக்கியச் சாலைக்கு வந்ததும் கூட்டம் அவளை இழுத்துக்கொண்டது. வெறுங்காலோடு ஆயிரக்கணக்கான பேர் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை, தார் கொதித்தது. ஓரத்தில் தண்ணீர் லாரியிலிருந்து சாலையில் தண்ணீர் பீய்ச்சினார்கள். செருப்புப் போட்டு நடப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கழற்றினால் அது வேறு விதமான கூச்சம்.

"நடம்மா, நின்னா பின்னால இருக்கறவங்க ஏறிடுவாங்க" என்றாள் பக்கத்தில் வந்த பெண்மணி. தோளில் தூங்கும் பெண் குழந்தை. "எந்த ஊரு?"

"இதே ஊருதாங்க."

"உள்ளூர்க்காரங்ககூட சுத்துவீங்களா? இன்னா வேண்டுதல்?"

பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பெண்ணே தொடர்ந்தாள். "இதுக்கு மூச்சு எளப்பு. பதினோரு பௌர்ணமி சுத்தறேன்னு வேண்டிக்கினேன். இது ஏழாவது."

"மருந்து குடுக்கறீங்களா?"

கேள்வி சட்டென்று, சத்தமாக வந்துவிட்டது. அந்தப் பெண் விசித்திரமாகப் பார்த்தாள்.

"குடுக்காம? பைல மருந்து பம்பு வெச்சிருக்கேன் பாரு. அது வேற, இது வேறம்மா." குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். டப்பி பையில் நடைக்கு நடை கிலுங்கியது. அதைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் லேசாகக் கேட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீண்ட பெஞ்சு. அதில் சரசு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சாராள், ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சரசுதான். திங்கட்கிழமை கட்டிய அதே புடவை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றவர் அவள் கணவர் புகழேந்தி, கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளையும் மனைவியையும் சபைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்திருப்பவர்.

"வாம்மா" என்றாள் சரசு. கீதாஞ்சலியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "பாரு, இத்தயே படிச்சிக்கினு இருந்தேன்."

மடியில் அந்தக் கையேடு. பிழை பார்க்கச் சொல்லிப் போதகர் சரசுவிடம் ஒரு பிரதி கொடுத்திருந்தார்.

"பிள்ளைங்க பெத்தவங்ககிட்ட சொல்லாதத சொல்றதுக்கு நம்பிக்கையான ஒரு பெரியவங்க வேணும்னு போட்டிருக்கியே. இவளுக்கு நீ இருக்கேன்னு எனக்கு அப்டி ஒரு தைரியம் கீதா. போன வெள்ளிக்கிழமகூட எவ்ளோ சந்தோஷமா வந்தா தெரியுமா? கூட்டத்துல யாருக்கோ எல்லாரும் கை தட்டுனாங்களாமே. சோறு திங்கக்கொள்ளவும் அதயே சொல்லிச் சொல்லி சிரிச்சிக்கினு இருந்தா. அதான் அவ கடைசியா..."

"கடைசின்னு சொல்லாத" என்றார் புகழேந்தி.

"சொல்லல."

"ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ற. வீட்ல ஒரு மாத்திரைய ஒழுங்காப் பாத்துக் குடுக்க முடியல."

"நான் குடுத்தேங்க."

"குடுத்தா எப்டி வரும்? ஞாயித்துக்கெழம உபவாசம்னு நாள் பூரா கோயில்லயே கெடந்தியே, அன்னிக்கு மறந்திருப்ப."

"மறக்கல."

"பின்ன மாத்திரை பொய் சொல்லுதா?"

கதவு திறந்தது. இளம் வயது டாக்டர், கையில் தாள்கள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். அவர் சரசுவின் முன்னால் குனிந்தார்.

"அம்மா, கடைசியா ஒரு தடவை கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்க வெளியூருக்கு அனுப்பியிருக்கோம், ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் முடிவெடுக்கணும். எப்படிக் குடுப்பீங்க? நடந்தத அப்படியே சொல்லுங்க."

"காலைல ஆறு மணி, ராத்திரி ஒம்போது மணி. மாத்திரைய அவ உள்ளங்கையில வெப்பேன். டம்ளர்ல தண்ணி குடுப்பேன். அவ தலைமேல கைய வெச்சு, கண்ண மூடி ஒரு சின்ன ஜெபம். எந்த மருந்தும் ஜெபம் பண்ணாம அவளுக்குக் குடுக்கறதில்ல. ஆமென் சொல்லிக் கண்ணத் தொறந்தா டம்ளர் காலியா இருக்கும்."

டாக்டர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"அவ முழுங்கறத பாத்தீங்களா?"

சரசு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ண மூடிக்கினு குடுத்திருக்கா" என்றார் புகழேந்தி. சத்தமாகக்கூட இல்லை. "எட்டு வருஷமா கண்ண மூடிக்கினே குடுத்திருக்கா."

"அவ என் பொண்ணுங்க" என்றாள் சரசு டாக்டரிடம். "அவ பொய் பண்ண மாட்டா. நான்தான்... ஒருவேள ஞாயித்துக்கெழம நான்தான் மறந்துட்டனா? களைப்பா இருந்துச்சு. குடுத்த மாதிரி ஞாபகம் இருக்குது. ஆனா அது சனிக்கெழம ஞாபகமோ என்னமோ. கீதா, நீ சொல்லு. ஒரு வேள மறந்தா இப்டி ஆவுமா? நான்தான் என் பொண்ண இப்டிப் படுக்க வெச்சனா?"

அவள் பிடி இறுகியது. அந்தக் கைக்குள் கீதாஞ்சலியின் கை, அதற்குள் டப்பி.

தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருக்க இப்போதும் வழி இருந்தது. டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். டப்பியைத் தென்றலின் பையில் கிடைத்ததாகச் சொல்லலாம். மருந்து சரியாகும், சரசு தப்பிப்பாள், தன் பெயரும் வெளியே வராது. நடந்து வந்த மூன்று கிலோமீட்டரும் இந்த யோசனைதான் கூடவே நடந்து வந்தது. அவள் அதைக் கிட்டத்தட்ட முடிவே செய்திருந்தாள்.

சரசுவின் மடியிலிருந்து கையேடு நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நீங்க மறக்கல ஆன்ட்டி" என்றாள் கீதாஞ்சலி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. உள்ளங்கை வேர்த்து டப்பி வழுக்கியது. மறு கையால் அதை எடுத்து, கட்டைவிரலால் மூடியைத் திறந்து டாக்டரிடம் நீட்டினாள். "இதுல இருபத்திரண்டு இருக்கு. ஞாயித்துக்கெழம ராத்திரியோடது ஒண்ணு மட்டும் எங்க இருக்குன்னு தெரியல. சாம்பல் புதன் ராத்திரிலேர்ந்து அவ ஒண்ணுகூட சாப்பிடல. பழைய மாத்திரை நல்லாத்தான் வேலை செஞ்சுது. மாத்தாதீங்க."

டாக்டர் டப்பியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். எண்ணவில்லை. தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக உள்ளே போனார். கதவு ஆடி ஆடி நின்றது.

புகழேந்தி சுவரை விட்டு விலகி வந்தார். மகளைப் பற்றி ஏதோ கேட்க வந்தவர் மனைவியைப் பார்த்து நின்றுவிட்டார்.

சரசு இன்னும் அவள் கையை விடவில்லை.

"இது உங்கிட்ட எப்டி வந்துச்சு?"

"லெந்துக்கு விடற பொருள் எல்லாம் ஒரு பெட்டியில போடச் சொன்னேன். அவ இத போட்டா."

"எப்போ பாத்த? இன்னிக்கா?"

இன்றைக்கு என்று சொல்லியிருந்தால் சரசு நம்பியிருப்பாள். அந்தக் கண்கள் அந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன.

"மொத வெள்ளிக்கெழமயே."

கை மெல்ல விலகியது.

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னு எழுதியிருந்தா. நான் சொல்லல. ஞாயித்துக்கெழம தலை சுத்துதுன்னு எழுதிப் போட்டிருக்கா, மாத்திரை போடட்டுமான்னு கேட்டு. அத நான் இன்னிக்குத்தான் தொறந்தேன்."

"நிறுத்துன்னு நீ சொன்னியா?" சரசு கேட்டாள். "அதயாவது சொல்லு. என் பொண்ணு தானா பண்ணாளா, யாராவது சொல்லிப் பண்ணாளா?"

"நிறுத்தச் சொல்லல ஆன்ட்டி. அவ நிறுத்துனதுக்கு அப்புறம்..." கீதாஞ்சலி தலையை நிமிர்த்தினாள். இவ்வளவு நேரமும் தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "போன வெள்ளிக்கெழம கூட்டத்துல கை தட்டுனாங்கன்னு சொன்னீங்கல்ல. நம்மள்ல ஒருத்தர் ரொம்பப் பெரிசா ஒண்ண விட்டிருக்காங்கன்னு சொன்னேன். வெறும் டீய விட்ட எனக்கு வெக்கமா இருக்குன்னு சொன்னேன். ஈஸ்டர் அன்னிக்கு சாட்சி சொல்லுவாங்கன்னு சொன்னேன். பேரு சொல்லல. ஆனா அது தென்றலுக்குத்தான். எல்லாரையும் கை தட்டச் சொன்னது நான்தான்."